தோற்றவர் நிற்கும் மேடை: இங்கிலாந்தில் ஒரு தேர்தல் வாரம்

30 ஜூன் 2024, ஞாயிறு – ஈஸ்ட் ஹாம்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் என் தங்கை மகள் குடியிருக்கும் வீட்டின் கதவில், தபால் போடுவதற்கென்று குறுக்காக ஒரு துளை இருக்கிறது. இன்று காலை முதல் அதன் வழியாக நான்கு துண்டறிக்கைகள் உள்ளே விழுந்துவிட்டன. வரும் வியாழக்கிழமை, ஜூலை 4 அன்று, பிரிட்டனில் பொதுத்தேர்தல். நான் வந்திறங்கி இரண்டு நாட்கள் ஆகின்றன. இதுவரை ஒலிபெருக்கிச் சத்தம் எதையும் கேட்கவில்லை, சுவர் விளம்பரம் ஒன்றையும் பார்க்கவில்லை. சில வீட்டு ஜன்னல்களில் கட்சியின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. மாலை நேரத்தில் கட்சிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்து கதவைத் தட்டி, யாருக்கு வாக்களிப்பதாக எண்ணம் என்று பணிவாகக் கேட்டு, பட்டியலில் குறித்துக்கொண்டு போகிறார்கள். வேட்பாளர் தொகுதியில் செலவழிக்கும் தொகைக்குச் சட்டம் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது; தொலைக்காட்சியிலும் வானொலியிலும் கட்சிகள் பணம் கொடுத்து விளம்பரம் செய்யவும் முடியாது.

பிரதமர் ரிஷி சுனக் மே 22 அன்று டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டு வாசலில், குடையின்றி மழையில் நனைந்தபடி இந்தத் தேர்தலை அறிவித்தார். முதல் ஐந்து ஆண்டுகள் கூட்டணியாகவும் பின்னர் தனித்தும் கன்சர்வேட்டிவ் கட்சி 2010 முதல் ஆட்சியில் இருக்கிறது. டேவிட் கேமரன், தெரசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், சுனக் என்று அந்தப் 14 ஆண்டுகளில் ஐந்து பிரதமர்களை நாடு பார்த்துவிட்டது. கியர் ஸ்டார்மரின் தொழிலாளர் கட்சி பெரும் வெற்றி பெறும் என்றே கருத்துக்கணிப்புகள் எல்லாம் சொல்கின்றன. எனவே யார் வெல்வார் என்பதைக் காட்டிலும், தோற்பவர் எப்படித் தோற்பார் என்பதைப் பார்க்கவே எனக்கு ஆவல். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். ஆட்சி மாறும்போது தோற்றவர் என்ன ஆனார் என்ற கேள்விக்கு வரலாற்றின் பெரும்பகுதியில் கிடைக்கும் பதில் நல்ல பதில் அன்று என்பதை மாணவர்களுக்குச் சொல்லியே வந்திருக்கிறேன்.

மாலையில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்தும் ஸ்லோவாக்கியாவும் மோதின. நைஜீரியாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய பக்கத்து வீட்டுக்காரர் தன் 12 வயது மகனுடன் பப்புக்குக் கிளம்பியபோது என்னையும் அழைத்துக்கொண்டார். 25ஆம் நிமிடத்தில் ஸ்லோவாக்கியா கோல் போட்டது; 90 நிமிடங்கள் முடிந்தும் இங்கிலாந்தால் சமன் செய்ய முடியவில்லை. பப்பில் இருந்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்து மேல்கோட்டைத் தேடத் தொடங்கினார்கள். யாரும் கத்தவில்லை. இது எங்களுக்குப் பழக்கமானதுதான் என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அப்போது, 95ஆம் நிமிடத்தில், ஜூட் பெல்லிங்ஹாம் அந்தரத்தில் புரண்டு முதுகுக்குப் பின்னால் பந்தை உதைத்து வலைக்குள் அனுப்பினார். கூடுதல் நேரத்தில் ஹாரி கேன் இன்னொரு கோல் போட, இங்கிலாந்து 2–1 என்று வென்றது. ஆரவாரம் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. என் மனத்தில் தங்கியதோ அதற்கு முந்தைய சில நிமிடங்களின் அமைதி.

1 ஜூலை, திங்கள் – வெஸ்ட்மின்ஸ்டர்

நாடாளுமன்றம் மே 30 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. கலைக்கப்பட்ட நொடியிலிருந்து இந்நாட்டில் மக்களவை உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. 650 இடங்களும் காலி. நேற்றுவரை உறுப்பினராக இருந்தவரும் தம்மை வேட்பாளர் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளலாம். அமைச்சர்கள் மட்டும் பொறுப்பில் தொடர்கிறார்கள், ஏனெனில் அவர்களை நியமித்தவர் மன்னர். மன்னரின் அரசு ஒரு நாளும் இல்லாமல் இருக்கக் கூடாது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் முன்னால், மன்னரை எதிர்த்துப் போரிட்டு வென்று பின்னர் நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் சிலை வாளோடும் விவிலியத்தோடும் நிற்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம், புனித மார்கரெட் தேவாலயச் சுவரில், ஒரு கதவுக்கு மேலே முதலாம் சார்லஸ் மன்னரின் மார்பளவுச் சிலை ஒன்று சிறிதாக இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். இங்கிருந்து பத்து நிமிட நடையில் உள்ள பேங்க்வெட்டிங் ஹவுஸ் மாளிகையின் முன்னால்தான் 1649 ஜனவரி 30 அன்று சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அவர் மகன் மீண்டும் அரியணை ஏறியபின், 1661இல் அதே நாளில், இறந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்த கிராம்வெல்லின் உடலைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டார்கள். தலையைக் கம்பத்தில் குத்தி இதே மண்டபத்தின் மேல் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். அரசியலில் தோற்பது என்பதற்கு இந்தத் தெருவில் ஒரு காலத்தில் இருந்த பொருள் அதுதான்.

அங்கிருந்து சில நூறு அடிகள் நடந்தால் பார்லிமென்ட் சதுக்கத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலின் சிலை. ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1945 ஜூலை 5 அன்று நடந்த தேர்தலில் அவருடைய கட்சி தோற்றது. உலகின் பல மூலைகளிலிருந்து படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்ததால் முடிவு ஜூலை 26 அன்றுதான் வெளியானது. ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் அமெரிக்க அதிபர் ட்ரூமனோடும் சோவியத் தலைவர் ஸ்டாலினோடும் பேச்சுவார்த்தையில் இருந்த சர்ச்சில் முடிவைக் கேட்க லண்டன் திரும்பினார். மாநாட்டு மேசைக்குப் பிரதமராகத் திரும்பிப் போனவர் தொழிலாளர் கட்சித் தலைவர் கிளமென்ட் அட்லி. போரில் நாட்டை வழிநடத்திய மனிதர் அன்று மாலையே அரண்மனைக்குச் சென்று பதவி விலகினார். அவரிடம் படை இருந்தது, புகழ் இருந்தது, உலகத் தலைவர்களின் நட்பு இருந்தது. அவற்றில் எதையும் அவர் வாக்குப்பெட்டிக்கு எதிராக எடுக்கவில்லை. அதே சதுக்கத்தில் 2015 முதல் காந்தியடிகளின் சிலையும் நிற்கிறது. இந்தியா பற்றிச் சர்ச்சில் பேசியவற்றையும், வங்கப் பஞ்சத்தின்போது அவருடைய அரசு நடந்துகொண்ட விதத்தையும் நான் மறந்துவிடவில்லை. அந்தக் கணக்கு தனியே இருக்கிறது. எனினும் அவர் தோற்ற விதத்தை நான் மதிக்கிறேன்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்தே சம்பளம் கொடுக்கிறார்கள். அவருடைய கட்சியின் அலுவல் பெயர் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் விசுவாசமான எதிர்க்கட்சி’ என்பது. ஆள்பவரை எதிர்ப்பது அரசுக்குச் செய்யும் ஒரு பணி என்று ஒப்புக்கொள்ள, கிராம்வெல்லின் தலை கம்பத்தில் நின்ற நாளிலிருந்து இந்த நாட்டுக்கு 270க்கும் மேற்பட்ட ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

2 ஜூலை, செவ்வாய் – கிளாக்டன்

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து எசெக்ஸ் கடற்கரையில் உள்ள கிளாக்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ‘ரிஃபார்ம் யுகே’ கட்சியின் தலைவர் நைஜல் ஃபராஜ் இங்கே போட்டியிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று கால் நூற்றாண்டு பேசி அதில் வென்றவர்; ஆனால் மக்களவைக்கு ஏழு முறை நின்று ஏழு முறையும் தோற்றவர். தோல்வியைப் பற்றி எழுத வந்தவன் இந்த ஊரைப் பார்க்காமல் போனால் என் எழுத்து பாதிதான் என்று தோன்றியது.

கடலுக்குள் நீண்டு செல்லும் கிளாக்டனின் மரப்பாலம் 1871இல் திறக்கப்பட்டது. லண்டன் தொழிலாளர் குடும்பங்கள் கோடையில் ஒரு வாரம் வந்து தங்கும் ஊராக இது வளர்ந்தது. 1938இல் பட்லின்ஸ் நிறுவனத்தின் பெரிய விடுமுறை முகாம் இங்கே வந்தது. பிறகு ஸ்பெயினுக்கு மலிவான விமானப் பயணம் கிடைத்தது. வெயில் நிச்சயமில்லாத இந்தக் கடற்கரைக்கு வருவோர் குறைந்தார்கள். 1983இல் முகாமும் மூடப்பட்டது. பக்கத்தில் உள்ள ஜேவிக், விடுமுறைக்கு வருவோர் தங்குவதற்காக 1930களில் எழுப்பப்பட்ட சிறு வீடுகளால் ஆன பகுதி. அந்த வீடுகளில் மக்கள் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள். 2010, 2015, 2019 ஆகிய மூன்று அரசுக் கணக்கெடுப்புகளிலும் இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய பகுதி என்று பதிவானது ஜேவிக்தான். லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இப்படி ஓர் இடம் இருப்பதை நான் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படித்ததில்லை.

கடற்கரை இருக்கையில் எண்பது வயதை நெருங்கும் ஒரு மூதாட்டி பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஈஸ்ட் ஹாம் என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தான் பிறந்தது அங்கேதான் என்றும், கணவர் ராயல் டாக்ஸ் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை செய்தவர் என்றும் சொன்னார். அந்தத் துறைமுகம் 1981இல் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. வேலை போனதும் இங்கே வந்துவிட்டார்கள். “எங்கள் தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். தமிழர்களும் வங்காளிகளும் ஆப்பிரிக்கர்களும் இருக்கிறார்கள், கடைகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன, முருகன் கோயில் ஒன்றும் இருக்கிறது என்றேன். “கடைகள் நிரம்பியிருப்பது நல்லதுதான்,” என்றார். இங்கே மருத்துவரைப் பார்ப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதையும், பேரப்பிள்ளைகள் வேலை தேடி வெளியேறிவிட்டதையும் சொன்னார். வாக்கு ஃபராஜுக்குத்தான் என்றார். “உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எங்களை யாரும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு வறுவல் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

குடியேறியவர்களைப் பற்றி ஃபராஜ் பேசும் விதம் எனக்கு ஏற்புடையது அன்று. என் தங்கை மகளைப் போன்றவர்கள் இங்கே வந்து உழைப்பதைச் சுமை என்று சொல்லும் பேச்சு என்னைப் புண்படுத்துகிறது. ஆனால் அந்த மூதாட்டியின் பேச்சைக் கேட்டபின், இந்த ஊர் ஒரு தேர்தலில் தோற்ற ஊர் அன்று, நாற்பது ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருக்கும் ஊர் என்பது விளங்கியது. 2016 வாக்கெடுப்பில் கிளாக்டன் அடங்கிய டெண்ட்ரிங் மாவட்டத்தில் நூற்றுக்கு 69 பேருக்கும் மேல் ஐரோப்பாவை விட்டு வெளியேற வாக்களித்தார்கள். அப்படி வென்ற பிறகும் கடற்கரைச் சாலையில் பூட்டிய கடைகள் பூட்டியபடியே கிடக்கின்றன. பிரதமர் தோற்றால் மேடையில் நின்று கைகுலுக்கலாம்; ஓர் ஊர் தோற்றால் நிற்பதற்கு மேடை எங்கே இருக்கிறது? திரும்பும் ரயிலில் இந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

3 ஜூலை, புதன் – ஈஸ்ட் ஹாம்

இன்று எங்கும் செல்லவில்லை. தங்கை மகள் செவிலியர். இரவுப் பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு வந்து தூங்கிவிட்டாள். இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் தொடங்கப்படாமல் காத்திருப்புப் பட்டியலில் உள்ள சிகிச்சைகள் 75 லட்சத்தைத் தாண்டியிருக்கின்றன. தேர்தலைத் தீர்மானிக்கப்போவது இதுவும் விலைவாசியும்தான் என்று அவள் சொல்கிறாள். 2005க்குப் பிறகு எந்தப் பொதுத்தேர்தலிலும் தொழிலாளர் கட்சியை ஆதரிக்காத ‘தி சன்’ நாளிதழ் இப்போது அக்கட்சிக்கு ஆதரவு தெரிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பையும் கால்பந்து அணிக்குப் புதிய மேலாளர் தேவை என்ற மொழியில்தான் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் இந்நாட்டில் இரண்டு பேச்சுக்களும் ஒரே பேச்சாகிவிட்டன.

4 ஜூலை, வியாழன் – வாக்குப்பதிவு

காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறந்தது. இரவு பத்து மணிக்குத்தான் மூடுவார்கள். 1935 முதல் எல்லாப் பொதுத்தேர்தல்களும் வியாழக்கிழமையிலேயே நடக்கின்றன. பொதுவிடுமுறை கிடையாது. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வாக்களித்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் தெருவுக்கு உரிய சாவடி ஒரு தேவாலயத்தின் சமூகக்கூடம். நான் வாசலில் நின்றுகொண்டேன். தங்கை மகள் உள்ளே போனாள். அவள் கையில் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஆம், அவள் இந்தியக் குடிமகள். ஆனாலும் இந்த நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு வாக்குரிமை உண்டு. பேரரசின் குடிமக்கள் யாவரும் ‘பிரிட்டிஷ் பிரஜைகள்’ என்று இருந்த காலத்தில் பிரிட்டனில் வசிப்போருக்குக் கிடைத்த உரிமை, நாடுகள் விடுதலை பெற்ற பின்னும் காமன்வெல்த் குடிமக்களின் உரிமையாக நீடிக்கிறது. முறையான அனுமதியோடு இங்கே வசிக்கும் இந்தியர், இலங்கையர், நைஜீரியர் எல்லோரும் வாக்களிக்கலாம். அவளோடு அதே பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் இத்தாலியச் செவிலியருக்கு இந்த உரிமை இல்லை. பேரரசு நம்மிடம் எடுத்துக்கொண்டவை ஏராளம். அது தவறிப்போய் விட்டுச்சென்ற ஒன்றை, நாமக்கல்லில் பிறந்த ஒரு பெண் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

புகைப்பட அடையாள அட்டை காட்டி வாக்களிக்கும் முதல் பொதுத்தேர்தல் இது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மாற்றம். காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டும் ஏற்கப்படும் அடையாளங்களில் ஒன்று. உள்ளே இயந்திரம் எதுவும் இல்லை. நூலில் கட்டிய பென்சிலால் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட வேண்டும். மையும் வைப்பதில்லை. ஏப்ரல் 19 அன்று நம் நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு வைத்த மை இன்னும் இடது சுட்டுவிரல் நகத்தின் நுனியில் ஒரு கீற்றாக எஞ்சியிருக்கிறது. வெளியே வந்தவள் தன் வெறும் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “ஓட்டுப் போட்ட மாதிரியே இல்ல மாமா,” என்றாள்.

வாக்குப்பதிவு நாளில் சாவடிகள் மூடும்வரை வானொலியும் தொலைக்காட்சியும் தேர்தல் விவகாரங்களை விவாதிக்கக் கூடாது, கருத்துக்கணிப்பு எதையும் வெளியிடக் கூடாது. அதனால் பகல் முழுவதும் வாக்குச்சாவடி வாசல்களில் கட்டியிருக்கும் நாய்களைத்தான் காட்டினார்கள். வாக்களிக்க நாயை அழைத்துவருவது இங்கே ஒரு வழக்கம். எங்கள் சாவடி வாசலிலும் இரண்டு நாய்கள் பொறுமையாகப் படுத்திருந்தன.

இரவு பத்து மணிக்கு நாடாளுமன்றக் கோபுரத்தின் பிக் பென் மணி ஒலித்தது. அந்த நொடியிலேயே, மூன்று தொலைக்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து சாவடி வாசல்களில் எடுத்த கணிப்பு திரையில் வந்தது: தொழிலாளர் கட்சி 410, கன்சர்வேட்டிவ் 131. தங்கை மகள் இரவுப் பணிக்குப் போய்விட்டாள். தொலைக்காட்சிக்கு முன்னால் தேநீரோடு நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

5 ஜூலை, வெள்ளி – ஒரே காலையில்

இரவு முழுவதும் விழித்திருந்தேன். முதல் முடிவு 11.15 மணிக்கு ஹூட்டன் அண்ட் சண்டர்லாந்து சவுத் தொகுதியிலிருந்து வந்தது. சீட்டுகளைக் கையால்தான் எண்ணுகிறார்கள், பெரும்பாலும் விளையாட்டரங்குகளில். எண்ணி முடிந்ததும் எல்லா வேட்பாளர்களும் மேடையேறி ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தேர்தல் அதிகாரி ஒவ்வொருவர் பெயரையும் அவர் பெற்ற வாக்குகளையும் வாசிக்கிறார். அமைச்சராக இருந்தாலும், சில நூறு வாக்குகள் வாங்கியவராக இருந்தாலும், அந்த வரிசையில் தனி இடம் கிடையாது. வென்றவர் முதலில் அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் நன்றி சொல்கிறார், அடுத்து எதிர்த்து நின்றவர்களுக்கு. தோற்றவரும் பேசுவது வழக்கம். இதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு மன்னரின் முடிசூட்டு விழாவில் கனமான வாளை ஏந்தி நின்று உலகம் முழுவதும் அறியப்பட்ட பென்னி மோர்டன்ட், போர்ட்ஸ்மவுத்தில் தோற்று, மேடையில் நிதானமாகப் பேசினார். வெறும் 49 நாட்கள் பிரதமராக இருந்த லிஸ் டிரஸ், 2019இல் 26,195 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதியை 630 வாக்குகளில் இழந்தார். அவர் மேடைக்கு வரத் தாமதமானபோது கூடியிருந்தவர்கள் மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார்கள். முடிவு அறிவிக்கப்பட்டதும் அவர் உரையாற்றாமலே இறங்கிப் போனார். சட்டப்படி அதில் தவறு ஏதும் இல்லை. எனினும் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஏதோ உடைந்தது போலிருந்தது. எழுதப்படாத மரபுகளின் பலமும் பலவீனமும் அந்த ஒரு நிமிடத்தில் சேர்ந்தே தெரிந்தன: கடைப்பிடிக்கும்வரை அவை சட்டத்தைவிட உறுதியானவை, ஒருவர் விட்டுவிட்டால் கேட்பதற்கு நீதிமன்றம் இல்லை.

விடியும் வேளையில், வடக்கு யார்க்‌ஷயரில் நார்த்தலர்டன் விளையாட்டரங்கில், சுனக் தம் தொகுதியில் வென்று, நாட்டில் தோற்றதை ஒப்புக்கொண்டார். அதே மேடையில் தலையில் குப்பைத்தொட்டி வடிவ முகமூடியோடு ‘கவுண்ட் பின்ஃபேஸ்’ என்ற வேட்பாளரும் நின்றார். 500 பவுண்டு டெபாசிட்டும் பத்து வாக்காளர்களின் கையெழுத்தும் இருந்தால் எவரும் பிரதமரை எதிர்த்து நிற்கலாம். இதைக் கேலிக்கூத்து என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாட்டின் பிரதமர் தம் தோல்வியை அறிவிக்கும்போது அந்த வேட்பாளருக்கும் அதே அகலமுள்ள இடம் இருந்தது.

பிறகு தூங்காமலே, டவுனிங் தெரு பிரியும் வைட்ஹால் சாலைக்குப் போனேன். டவுனிங் தெருவை 1989 முதல் இரும்பு வாயில் மறித்திருக்கிறது. வெளியே மழைத்தூறலில் நூற்றுக்கணக்கானவர்கள் நின்றிருந்தார்கள். உள்ளே நடந்ததை அந்த வாயிலுக்கு வெளியே நின்று கைப்பேசிகளில்தான் பார்த்தோம். பத்தரை மணி கடந்து சுனக் வெளியே வந்தார். மனைவி பின்னால் குடையோடு நின்றார். மன்னிப்புக் கேட்டார், மக்களின் கோபத்தைக் கேட்டேன் என்றார், அதற்குப் பொறுப்பு தம்முடையது என்றார், ஸ்டார்மரை நல்ல மனிதர் என்றார். தாத்தா பாட்டி அதிகம் எதுவுமில்லாமல் இந்நாட்டுக்கு வந்து இரண்டே தலைமுறையில் தாம் பிரதமரானதும், தம் மகள்கள் அந்த வீட்டுப் படிகளில் தீபாவளி விளக்கேற்றியதும் இங்கே யாருக்கும் பெரிய வியப்பாகத் தோன்றாததே பிரிட்டனின் சிறப்பு என்றார். என் பக்கத்தில் நின்ற இளைஞர், தொழிலாளர் கட்சிச் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருந்தவர், கைதட்டினார்.

சுனக்கின் கார் அரண்மனைக்குப் போயிற்று. அவர் பதவி விலகிய பின் ஸ்டார்மரின் கார் அரண்மனைக்குப் போயிற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள் அணுகுண்டு வைத்திருக்கும் இந்த நாட்டுக்குப் பிரதமர் இல்லை. போக்குவரத்து விளக்குகள் மாறிக்கொண்டிருந்தன, சிவப்புப் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. நண்பகல் கடந்ததும் ஸ்டார்மர் பிரதமராக டவுனிங் தெருவுக்கு வந்து, பேச்சின் தொடக்கத்திலேயே சுனக்குக்கு நன்றி சொன்னார். முதல் பிரிட்டிஷ் ஆசியப் பிரதமராக இருப்பதற்கு அவர் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்ததை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது என்றார். 2011 முதல் அந்த வீட்டில் எலி பிடிக்கும் லாரி என்ற பூனைக்கு இவர் ஆறாவது பிரதமர். புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், அந்தப் பதவியில் அமரும் முதல் பெண். ஜூலை 5, தேசியச் சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கப்பட்ட நாளும்கூட. சர்ச்சிலைத் தோற்கடித்த அட்லியின் அரசு செய்த காரியம் அது.

எங்களுக்கு அடுத்த தொகுதியான ஸ்ட்ராட்ஃபோர்டு அண்ட் போவில் உமா குமரன் தொழிலாளர் கட்சி சார்பில் வென்றிருக்கிறார். போரினால் இலங்கையை விட்டு வந்த தமிழ்ப் பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பிறந்தவர். பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தமிழர். மாலையில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில், முருங்கைக்காயை எடைபோட்டுக்கொண்டே அவர் அந்தப் பெயரைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. “எங்கட பிள்ளை உள்ளுக்குப் போயிட்டுது, ஐயா,” என்றார்.

இந்தப் பெருமைகளோடு கணக்கையும் பார்க்க வேண்டும். தொழிலாளர் கட்சி பெற்றது நூற்றுக்கு 34க்கும் குறைவான வாக்குகள். கிடைத்த இடங்களோ நூற்றுக்கு 63. வாக்களித்தவர்களே நூற்றுக்கு 60 பேர்தான். ஃபராஜ் எட்டாவது முயற்சியில் கிளாக்டனில் 8,405 வாக்கு வித்தியாசத்தில் வென்றுவிட்டார். ஆனால் அவருடைய கட்சி 41 லட்சம் வாக்குகளுக்கு 5 இடங்களே பெற்றது. லிபரல் டெமாக்ரட் கட்சியோ 35 லட்சம் வாக்குகளுக்கு 70க்கும் மேல் பெற்றிருக்கிறது. வாக்குகள் நாடெங்கும் பரவிக் கிடந்தால் வீண், சில தொகுதிகளில் குவிந்திருந்தால் வெற்றி என்பது இந்த முறையின் இயல்பு. இந்தியாவும் இங்கிருந்து எடுத்துக்கொண்டது இதே முறையைத்தான். 2011இல் இதை மாற்றலாமா என்று பிரிட்டன் மக்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். அந்த மூதாட்டியின் வேட்பாளர் வென்றுவிட்டார். அவரைப் போல வாக்களித்து, தங்கள் ஊரில் தோற்ற மற்ற லட்சக்கணக்கானவர்களை எந்த மேடையில் நிறுத்துவார்கள் என்ற கேள்வி எனக்கு அப்படியே இருக்கிறது. அவர்கள் கட்சி எனக்குப் பிடிக்கவில்லை என்பது அதற்குப் பதில் ஆகாது.

6 ஜூலை, சனி – பப்பில்

ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் பகுதித் தொகுதியில் மறு எண்ணிக்கை இன்றுதான் முடிந்தது. அதோடு 650 முடிவுகளும் வந்துவிட்டன. மாலையில் காலிறுதி ஆட்டம், இங்கிலாந்தும் சுவிட்சர்லாந்தும். பக்கத்து வீட்டுக்காரரும் மகனும் என்னை மீண்டும் அழைத்துப்போனார்கள். நாளை எனக்கு விமானம்.

75ஆம் நிமிடத்தில் சுவிட்சர்லாந்து கோல் போட்டது. ஐந்து நிமிடம் கழித்து புக்காயோ சாகா தொலைவிலிருந்தே உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் 1–1. பெனால்டி உதைகள் என்று அறிவிக்கப்பட்டதும் அந்தப் பையன் தலைகவிழ்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டான். தந்தை என்னிடம் தாழ்ந்த குரலில் காரணத்தைச் சொன்னார். 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் இத்தாலியோடு நடந்த இறுதியாட்டத்தில் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள் பெனால்டியைத் தவறவிட்டார்கள். சாகாவுக்கு அப்போது 19 வயது. அன்றிரவே சமூக ஊடகங்களில் அவர்கள் மேல் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைச் சிதைத்தார்கள். பின்னர் ஊர்மக்கள் அந்தச் சிதைவின் மேல் அன்புச் செய்திகளை ஒட்டி மூடினார்கள். மறுநாள் காலை, ஒன்பது வயதான தன் மகன் பள்ளிக்குப் போக மறுத்துவிட்டதாக அவர் சொன்னார். யாரும் அவனை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்வார்கள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான்.

நேற்று வைட்ஹாலில் நான் பார்த்த கைதட்டல் உண்மை. இதுவும் உண்மை. குடியேறியவரின் பேரன் பிரதமராகத் தோற்றபோது கண்ணியத்தோடு வழியனுப்பிய அதே நாடு, மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஓர் ஆட்டத்தில் தோற்றபோது அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இப்போதைய அணியின் மேலாளர் கேரத் சவுத்கேட்டே 1996இல் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர். 2021இல் இளைஞர்களைப் பந்தின் முன் நிறுத்தியது தன் முடிவு, பொறுப்பும் தன்னுடையது என்று அவர் உடனே சொன்னார்.

முதல் உதை பால்மர், கோல். சுவிட்சர்லாந்தின் முதல் உதையை பிக்ஃபோர்டு தடுத்துவிட்டார். அடுத்தது பெல்லிங்ஹாம், கோல். மூன்றாவதாகச் சாகா பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். பப்பில் ஒரு சத்தமும் இல்லை. பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தந்தை அவன் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கி, “பார்,” என்று மட்டும் சொன்னார். அவன் பார்த்தான். பந்து வலைக்குள் போயிற்று.